கல்லூரிப் பாடத்துக்கு மூடுலா, கிளாஸ்ரூமா?

2024 ஜூன் 12 (வந்த கேள்வி)

"அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உதவிபெறும் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு எல்லாத் துறையும் எல்.எம்.எஸ் (இணையத்தில் பாடம், அசைன்மென்ட், தேர்வு நடத்தும் தளம்) பயன்படுத்தியாக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது. மூடுல், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ் மூன்றில் எது சிறந்தது? எனக்கு வேர்டு, எக்செல் வரும். ஒரு மாதத்தில் பழகிவிடலாமா?"

2024 ஜூன் 12, இரவு

பாளையங்கோட்டையில் பொருளாதாரம் எடுக்கிறவன் நான். மூன்றையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் பாடம் நடத்தலாம். உங்கள் கல்லூரியில் சர்வர் பார்க்க ஆள் உண்டா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

மூடுல் இலவசம் என்பார்கள். உண்மைதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் ஆரம்பித்தது. 2002-இல் முதல் பதிப்பு வந்தது. மூலநிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம். ஆனால் காசில்லாமல் கிடைப்பது மென்பொருள் மட்டும். அதை ஓட்ட ஒரு சர்வர், பி.எச்.பி என்ற நிரல்மொழி, டேட்டாபேஸ், வாரம் ஒரு பேக்கப், புதுப் பதிப்பு வந்தால் ஏற்ற ஒருவர் எல்லாம் வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் அந்த ஒருவர் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராகத்தான் இருப்பார். பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பதும் அவர்தான், முதல்வர் அறைக்கு புரொஜெக்டர் மாட்டுவதும் அவர்தான். நாளைக்கு அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தால் அட்மின் பாஸ்வேர்டும் அவரோடு ரயில் ஏறிவிடும்.

ஆள் இல்லையென்றால் கிளாஸ்ரூம். 2014-இல் வந்தது. கல்லூரிப் பெயரில் கூகுள் கணக்கு இருந்தால் அடிப்படைத் திட்டத்துக்குப் பணம் கிடையாது. கணக்கே இல்லையென்றாலும் சொந்த ஜிமெயிலில் வகுப்பு தொடங்கலாம்.

கேன்வாஸ் பார்க்கவும் புழங்கவும் நன்றாகவே இருக்கும். தனி ஆசிரியருக்கு இலவசக் கணக்கும் தருகிறார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்க முடியாது. பிளாக்போர்டு என்ற இன்னொரு தளம் பற்றி யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: விலை.

ஒரு மாதம் தாராளம். பாடம் ஏற்றப் பழக ஒரு வாரமே போதும். தேர்வு வைக்கப் பழகத்தான் ஒரு பருவம் முழுக்க ஆகும்.

2024 ஜூன் 13

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். வாரம் ஒரு பேக்கப் எந்த மூலைக்குப் போதும், தினமும் எடுக்க வேண்டும் என்கிறார். சரி, தினமும்.

அவர் சொன்ன வேறு இரண்டும் முக்கியம். ஒன்று, கிரான் என்ற பின்னணி வேலை நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வேண்டும். அது நின்றுபோனால் மூடுலிலிருந்து மெயில், அறிவிப்பு எதுவும் போகாது. பையன் வந்து "எனக்கு ஒண்ணும் வரல சார்" என்பான், நாம் அவன் புளுகுகிறான் என்று நினைப்போம். இன்னொன்று, பி.எச்.பி-யில் ஃபைல் ஏற்றும் வரம்பு நாம் மாற்றாதவரை 2 எம்.பி. நோட்டில் எழுதிய பத்துப் பக்கத்தைப் போனில் படமெடுத்து பி.டி.எஃப் ஆக்கினால் 2 எம்.பி-க்குள் எங்கே நிற்கும்? மூடுலுக்குள் வரம்பைக் கூட்டினாலும் சர்வரில் கூட்டாவிட்டால் பயனில்லை. எங்கள் துறையில் முதல் அசைன்மென்டுக்குப் பாதிப் பேர் மெயிலில் அனுப்பியதற்குக் காரணம் இதுதான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பருவமே முடிந்துவிட்டது.

2024 ஜூன் 22

நேற்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர், உள்ளூர் விடுமுறை. வடம் அறுந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே வேண்டாம். தேர் பார்த்துவிட்டு வந்து, முந்தின நோட்டுகளை நானே திரும்பப் படித்தேன். சர்வரைப் பற்றியே பேசியிருக்கிறேன், பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் வகுப்பில் லேப்டாப் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லாருக்கும் போன்தான். அந்தப் போனும் சிலருக்கு வீட்டுப் போன். முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து வரும் பெண் பிள்ளைகளில் சிலர் சாயங்காலம் வீட்டில் பீடி சுற்ற உட்காருகிறவர்கள். அண்ணனோ அப்பாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் கைக்கு வரும். இரவு எட்டு மணிக்கு ஆன்லைன் தேர்வு என்று நான் போட்டால் என் வசதிக்குப் போட்டதாகத்தான் இருக்கும்.

கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டு கொடுத்தது நினைவிருக்கும். டேட்டா கிடைத்தது. டவர் கிடைக்காத ஊரில் மாடி ஏறி நின்றார்கள்.

ஆகவே எதை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வீட்டிலிருக்கும் பழைய போனில், வைஃபை இல்லாமல், மாணவராக நுழைந்து பார்ப்பது. நீங்கள் பெருமையாக ஏற்றிய 80 எம்.பி. ஸ்லைடு எத்தனை நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள்.

இந்த விஷயத்தில் மூடுல் ஆப்பில் ஒரு வசதி உண்டு: பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பில்லாமல் படிக்கலாம். வினாடி வினாவைக்கூட இணைப்பில்லாமல் எழுத அனுமதிக்கலாம், இணைப்பு வந்ததும் விடை போய்ச் சேரும். ஆனால் நேர வரம்பு வைத்த தேர்வுக்கு அது செல்லாது. பயிற்சித் தேர்வுக்கு அருமை. கல்லூரியில் காலையில் இறக்கிக்கொண்டு கடையம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

2024 ஜூன் 23

நாகர்கோவில் நண்பர் "வாட்ஸ்அப் குழு போதாதா" என்கிறார். குட் மார்னிங் படம், யாரோ ஒருவரின் பிறந்தநாள், நடுவில் என் இரண்டாம் அலகு நோட்ஸ், அதற்குக் கீழே ஐம்பது கட்டைவிரல். யார் அசைன்மென்ட் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று அதில் தேடிப் பாருங்கள்.

2024 ஜூலை 9

தமிழ்த்துறை சம்பந்தமாக ஒரு நீண்ட கதை. மொழித்துறைக்காரர்கள் கட்டாயம் படிக்கவும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் தமிழ்த்துறை மூத்த பேராசிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்த வினாவங்கியை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேல் கேள்விகள், எல்லாம் பாமினி எழுத்துருவில். வேர்டில் அழகாக இருக்கிறது. மூடுலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. கிளாஸ்ரூமிலும் அப்படித்தான், கேன்வாஸிலும் அப்படித்தான். பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஏதாவது ஒன்றில் போட்டு யூனிகோடாக்கினால்தான் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) எந்தத் தளத்திலும் நிற்கும்.

மாற்றினோம். கேள்விக்குள் இருந்த ஆங்கில வார்த்தைகளும் ஆண்டுகளும் கலைந்துபோயின. அவற்றைக் கையால் திருத்தினோம். பிறகு நோட்பேடில் சேமித்தோம். லேப் கணினிகள் பழைய விண்டோஸ். அதில் நோட்பேடு யு.டி.எஃப்-8 ஆக (யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறை) சேமிக்க வேண்டும் என்று நாம் கேட்டால்தான் செய்யும். கேட்காமல் சேமித்ததில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி வரிசையாகிவிட்டது. வினாவங்கி என்றால் கேள்விக்குறி இருக்கத்தானே செய்யும் என்றார் பேராசிரியர்.

அதற்குப் பின்னால் வந்தது ஔவையார் பிரச்சினை. ஒரு சொல் விடைக் கேள்வி: ஆத்திசூடியை இயற்றியவர் யார்? பாதி வகுப்புக்குப் பூஜ்யம். விடைகளைத் திறந்து பார்த்தால் எல்லாரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கணினிக்கு ஔ என்பது ஒரே எழுத்து. பிள்ளைகள் ஒ போட்டு, அடுத்து ள போட்டிருக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்று மாதிரி, மூடுலுக்கு அது வேறு சொல். துணைக்காலுக்குப் பதில் ர போடுவதும் இந்த வகை. ஆனால் 'கொ' மாதிரி எழுத்துகளின் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால் பரவாயில்லை, யூனிகோடு விதிப்படி அவை ஒன்றுதான், ஒப்பிடும்போது மூடுல் சேர்த்துக்கொள்ளும்.

தீர்வு சுலபம். விடைப் பட்டியலில் இரண்டு வடிவத்தையும் முழு மதிப்பெண்ணோடு சேர்த்துவிடலாம். இல்லையென்றால் தமிழுக்கு ஒரு சொல் விடையே வேண்டாம், பொருத்துக, சரியானதைத் தேர்ந்தெடு என்று போய்விடலாம். பேராசிரியர் இரண்டாவதை ஒத்துக்கொள்ளவில்லை. "எழுதத் தெரியணும் சார், தொடத் தெரிஞ்சாப் போதுமா?" என்றார். நியாயம்தான்.

2024 ஜூலை 10

தமிழில் முகப்பு கிடைக்குமா என்று கேட்டவருக்கு: மூடுலுக்குத் தமிழ் மொழிப்பொதி உண்டு, ஆனால் முழுமையில்லை. ஒரு பொத்தான் தமிழிலும் அடுத்தது ஆங்கிலத்திலும் வரும். எங்கள் பிள்ளைகள் ஆங்கில முகப்பையே வைத்துக்கொள்கிறார்கள். பாடம் தமிழில் இருப்பதற்கு இது தடையில்லை.

2024 ஜூலை 16

பழகுவது எப்படி என்று, முதல் கேள்வியை அனுப்பிய அம்பை (அம்பாசமுத்திரம்) மேடம் மறுபடியும் கேட்டிருக்கிறார். கல்லூரியில் ஒரு நாள் பயிலரங்கம் வைப்பார்கள். காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எண்பது பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்வார்கள், வைஃபை படுத்துவிடும், சான்றிதழோடு வீட்டுக்கு வரலாம். போய்விட்டு வாருங்கள், சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவும்.

கற்றுக்கொள்ள வேறு வழி. மூடுல் நிறுவனமே ஒரு மாதிரிப் பள்ளியை இணையத்தில் வைத்திருக்கிறது, மவுண்ட் ஆரஞ்ச் ஸ்கூல் என்று பெயர். அதில் ஆசிரியராகவும் நுழையலாம், மாணவராகவும் நுழையலாம். எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். மணிக்கு ஒரு முறை எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். கூச்சமில்லாமல் தப்புப் பண்ண இதைவிட நல்ல இடம் இல்லை. ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியலிலும் மூடுல் பாடங்கள் இருக்கின்றன, சின்னச் சின்னதாக, பார்த்துக்கொண்டே செய்கிற மாதிரி.

எல்லாப் பொத்தானையும் கற்க உட்காராதீர்கள். ஒரு அலகு எடுங்கள். நோட்ஸ் ஒன்று, அசைன்மென்ட் ஒன்று, பத்துக் கேள்வித் தேர்வு ஒன்று. அதை உங்கள் வீட்டில் கல்லூரி படிக்கிற யாரிடமாவது கொடுத்து எழுதச் சொல்லுங்கள். என் அக்கா மகள் எழுதினாள். "மாமா, சப்மிட் பண்ணுனதுக்கு அப்புறமும் என்னத்துக்கு ரெண்டு வாட்டி கேக்கு?" என்றாள். நான் மூன்று ஆண்டாகத் தேர்வு வைக்கிறேன், அந்தத் திரையை நான் பார்த்ததே இல்லை. முன்னோட்டத்தை ஒரு தடவைகூட நான் கடைசிவரை எழுதி முடித்ததில்லை.

கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம். அய்க்கன் என்றொரு வடிவம் இருக்கிறது. சாதாரண எழுத்துக் கோப்பில் கேள்வி ஒரு வரி, கீழே ஆங்கில எழுத்துப் போட்ட நான்கு தெரிவுகள், கடைசி வரியில் ஆன்சர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு சரியான எழுத்து. ஒரு சாயங்காலத்தில் நூறு கேள்வி ஏற்றிவிடலாம். கிளாஸ்ரூமில் தேர்வு வைக்கப் பயன்படும் கூகுள் ஃபார்மில் இந்தக் கோப்பை நேராக ஏற்ற வழியில்லை.

2024 ஜூலை 17

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏற்றுவது இருக்கட்டும், வெளியே எடுப்பது? ஃபார்மில் போட்ட கேள்விகளை இன்னொரு ஃபார்முக்குக் கொண்டுபோகலாம். ஷீட்டில் இறங்குவது பிள்ளைகளின் பதில்கள். வேறொரு எல்.எம்.எஸ் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் கேள்விகளை அது தருவதில்லை. மூடுலில் வினாவங்கியை அப்படியே எக்ஸ்போர்ட் செய்யலாம். சர்வருக்கு ஆள் உண்டா என்று ஜூன் 12-இல் கேட்டேன். அதற்குச் சமமாக இதையும் கேட்டிருக்க வேண்டும்: கல்லூரி நாளைக்குத் தளத்தை மாற்றினால் உங்கள் கேள்விகள் உங்களோடு வருமா?

2024 ஆகஸ்ட் 8

ஆடிக் காற்று. நேற்று முதலாவது உள்தேர்வு. மின்கம்பியில் கிளை விழுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வைஃபை ரவுட்டர் எல்லாம் அணைந்துவிட்டன. அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "சார்!" என்றார்கள்.

மூடுல் நிமிடத்துக்கு ஒரு முறை விடைகளைத் தானாகச் சேமிக்கிறது. கரண்ட் வந்ததும் பெரும்பாலோர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நேரத்தை நீட்டித்துக் கொடுக்க வழி உண்டு, ஆனால் அறுபது பேருக்குத் தனித்தனியாகப் போட முடியாது, வகுப்பைக் குழுவாக வைத்திருந்தால் ஒரே தடவையில் போடலாம். பருவத் தொடக்கத்திலேயே குழு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு உட்கார்ந்து போட நேரமிருக்காது.

காப்பியடிப்பதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். தேர்வு முடியும்வரை வேறு பக்கம் திறக்கவிடாத பூட்டு வசதி கூகுள் ஃபார்மில் உண்டு, ஆனால் நிறுவனம் நிர்வகிக்கும் குரோம்புக் லேப்டாப்பில்தான் வேலை செய்யும். மூடுலோடு சேர்கிற, அதே வேலை செய்யும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐபேடு, ஐபோனுக்கு உண்டு, ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. ஆக, பூட்டு இல்லை. வினாவங்கியிலிருந்து ஆளுக்கொரு கேள்வி விழும்படி வைத்தால் வாட்ஸ்அப்பில் விடை அனுப்புவதில் பாதி குறையும். மீதிப் பாதிக்கு எப்போதும்போல அறைக்குள் நடக்க வேண்டியதுதான்.

2024 ஆகஸ்ட் 20

நாக் பற்றி மறந்தே போனேன். கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படுகிறது என்று கேட்பார்கள், ஆதாரம் வேண்டும். அதற்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வைப்பது நம் ஊர் வழக்கம். முப்பது பாடத்துக்குப் பக்கம் திறந்து, ஒவ்வொன்றிலும் சிலபஸ் பி.டி.எஃப் ஒன்றை மட்டும் போட்டு, படமெடுத்து முடித்த கல்லூரிகள் உண்டு. குழு போன மறுநாள் அந்தப் பக்கங்களுக்குள் நுழைந்தவர் யாருமில்லை. மூடுலில் யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவேடு இருக்கிறது. படத்தைவிட அதுதான் சாட்சி, சில சமயம் நமக்கு எதிராகவும்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நான் முதல்வனுக்கு ஒரு லாகின், ஸ்வயம் இணையப் பாடங்களுக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று. நம்முடையது நான்காவது. "பாஸ்வேர்டு மறந்துட்டு சார்" என்று வந்தால் திட்டாதீர்கள்.

2024 செப்டம்பர் 3

பேக்கப் தினமும் வேண்டுமா என்று இன்னொருவர் சந்தேகப்படுகிறார். 2023 டிசம்பர் 17, 18 மழையை அதற்குள் மறந்துவிட்டோமா? தாமிரபரணி ஊருக்குள் வந்து நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் சர்வர் தரைத்தளத்தில் இருந்தது. பேக்கப் இருந்தது. அதே அறையில், அதே மேசையில், பக்கத்து ஹார்டு டிஸ்கில்.

ஒவ்வொரு பாடத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள மூடுலில் வசதி உண்டு. பருவம் முடிந்ததும் அதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். மாணவர் விவரம் இல்லாமல் எடுங்கள், அவர்கள் மதிப்பெண்ணை நாம் பென் டிரைவில் சுமந்து திரிவது சரியில்லை.

2024 அக்டோபர் 14

தசரா முடிந்தது. சப்பரங்கள் வந்து நின்ற இரவில் எனக்கு ஓர் அசைன்மென்ட் கெடு இருந்தது, நாளைப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். பாளையங்கோட்டைக்காரன் செய்கிற காரியமா இது? வந்தவை ஒன்பது.

மூடுலில் இரண்டு தேதி உண்டு. ஒன்று கெடு நாள், அதற்குப் பிறகும் வாங்கிக்கொள்ளும், தாமதம் என்று காட்டும். இன்னொன்று கட்-ஆஃப், அதற்குப் பிறகு கதவு சாத்திவிடும். பலர் இரண்டையும் ஒரே நாளாகப் போடுகிறார்கள். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள், கெஞ்சல் போன் குறையும்.

2024 நவம்பர் 21

அம்பை மேடம் எழுதியிருக்கிறார்: அவர்கள் கல்லூரி கிளாஸ்ரூமை எடுத்துவிட்டது. சர்வர் பார்க்க ஆளில்லை, அதனால் கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்ததாம். நல்லது. ஜூன் மாதம் நான் மூடுல் பக்கம் சாய்ந்து எழுதியதுபோல் இப்போது படித்தால் தெரிகிறது. அவர்கள் நிலையில் நானும் கிளாஸ்ரூம்தான் எடுத்திருப்பேன். நானே முதலாண்டு வகுப்புக்கு அதைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். அறிவிப்பு, நோட்ஸ், அசைன்மென்ட்டுக்கு அது போதும், சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம்கூட ஆவதில்லை. உள்தேர்வும் வினாவங்கியும் மட்டும் மூடுலில் இருக்கின்றன. அறிவிப்பு போட்டதும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி போடுகிறேன், நாகர்கோவில் நண்பர் சிரித்துக்கொள்ளட்டும்.

மேடத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஃபார்மில் தட்டுவதற்கு முன்னால் கேள்விகளை அய்க்கன் வடிவத்தில், யூனிகோடில், அலகுக்கு ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முக்கு அதிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டியதுதான், கூடுதல் வேலைதான். ஆனால் இன்னும் மூன்று ஆண்டில் வேறு முதல்வர் வந்து வேறு தளம் என்பார். கூகுள் கல்விக் கணக்குகளில் முன்பு அளவில்லாமல் இருந்த சேமிப்பிடம் 2022-இல் நிறுவனத்துக்கு 100 டி.பி. என்று சுருங்கியபோது என்னென்ன அழிக்கலாம் என்று கல்லூரிகள் தேட ஆரம்பித்தன. நம் கோப்பு நம்மிடம் இருந்தால் யார் எதை அழித்தாலும் கவலையில்லை.

வணிகவியல் கணக்குப் பதிவியலில் என்னிடம் ஒன்றுமில்லை. நுண்பொருளியல் முதல் மூன்று அலகுகளுக்குக் கோப்பு இருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். வேண்டுபவர்கள் கேளுங்கள். நான்காம் அலகு இன்னும் பாமினியிலேயே கிடக்கிறது, அரையாண்டு விடுமுறையில் உட்கார்ந்தால்தான் உண்டு.